துலாக்கோலை நிறுக்கும் பொன்

மருந்து, குடிநீர், இறைச்சி ஆகியவற்றைச் சோதிக்கும் ஆய்வகங்களின் குளிர்பெட்டிகளில் பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பிகள் சில, எண்ணிடப்பட்டு, பதிவேட்டில் ஏற்றப்பட்டு, பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றில் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் என்னும் வெண்பொடி சில பத்து மில்லிகிராம் அளவே இருக்கும். பெண்ணுடலில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் வேலையைச் செய்வதற்காக மனிதர் ஆக்கிய சேர்மம் அது. கருத்தடை மாத்திரைகளின் வழியே உலகெங்கும் கோடிக்கணக்கான உடல்களுக்குள் சென்றிருப்பது. ஆயினும் குளிர்பெட்டியில் உள்ள அந்தக் குப்பியின் பொடி எவருடைய உடலுக்குள்ளும் செல்லாது. வேறோரிடத்தில் வேறொருவர் ஆக்கிய மாத்திரையில் இருப்பது எத்தினைல் ஈஸ்ட்ரடையால்தானா, இருக்கிறதென்றால் எவ்வளவு இருக்கிறது என்னும் இரு கேள்விகளுக்கு விடை காண்பதற்காக மட்டுமே அது காக்கப்படுகிறது. ஆய்வகத்தார் இதை ‘ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்டு’ என்பர். இக்கட்டுரை இதனை ஒப்பீட்டுப் பொருள் என்று குறிக்கும். பிறவற்றுக்கெல்லாம் சாட்சி சொல்லும் இப்பொருளுக்குச் சாட்சி சொல்வது எது என்பது வேதியியலுக்குள் மட்டும் அடங்கும் கேள்வியன்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக இந்தியத் தத்துவ மரபுகள் தமக்குள் வாதிட்டு வந்த கேள்வி அது.

எத்தினைல் ஈஸ்ட்ரடையாலை 1938இல் பெர்லின் ஷெரிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஹெர்லோஃப் இன்ஹோஃபன், வால்டர் ஹோல்வெக் ஆகிய இருவரும் ஆக்கினர். உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனாகிய ஈஸ்ட்ரடையாலை மாத்திரையாக விழுங்கினால் அதன் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் சிதைந்து செயலற்றுப் போய்விடும். அம்மூலக்கூறின் 17ஆம் கார்பன் அணுவோடு, மும்மைப் பிணைப்பால் இணைந்த இரு கார்பன் அணுக்களைக் கொண்ட எத்தினைல் தொகுதியைச் சேர்த்தபோது, கல்லீரலின் நொதிகளால் அதனை எளிதில் சிதைக்க இயலவில்லை. அதனால் மிகச் சிறிய அளவும் வாய்வழியே பயன்தரத் தொடங்கியது. இந்திய அரசின் குடும்பநலத் திட்டத்தின் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்கள் வரை அறியப்பட்ட மாலா-டி மாத்திரையில் உள்ள எத்தினைல் ஈஸ்ட்ரடையாலின் அளவு 0.03 மில்லிகிராம், அதாவது 30 மைக்ரோகிராம்தான். கண்ணால் காண இயலாத இத்தகைய அளவைப் பற்றி எவரேனும் உறுதியாகப் பேச முடிகிறதென்றால், அந்த உறுதி ஏதோ ஓரிடத்தில் தொடங்கியிருக்க வேண்டும்.

அது தொடங்கும் இடத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். பகுப்பாய்வாளர் கையுறை அணிந்து, ஒப்பீட்டுப் பொருளில் சில மில்லிகிராமை நுண்தராசில் நிறுத்து, மெத்தனால் போன்ற கரைப்பானில் கரைத்து, கழுத்தில் ஒற்றைக் கோடிட்ட வால்யூமெட்ரிக் ஃபிளாஸ்கில் அந்தக் கோடு வரை நிரப்புகிறார். மாத்திரையைப் பொடித்து எடுத்த கரைசலும் அதைப் போலவே ஆயத்தமாகிறது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக எச்.பி.எல்.சி. என்னும் கருவிக்குள் செலுத்தப்படுகின்றன. கலவையாக உள்ள பொருள்களை ஒரு குழாயின் வழியே வெவ்வேறு வேகத்தில் நகரச் செய்து பிரித்துக் காட்டும் கருவி இது. குழாயை விட்டு ஒரு பொருள் வெளியேறும் நேரத்தில் திரையில் ஒரு முகடு எழுகிறது. ஒப்பீட்டுப் பொருளின் முகடு எந்த நிமிடத்தில் எழுந்ததோ அதே நிமிடத்தில் மாத்திரையின் முகடும் எழுந்தால் இரண்டும் ஒரே பொருள் என்றும், முகடுகளின் பரப்பை ஒப்பிட்டால் மாத்திரையில் உள்ள அளவு இவ்வளவு என்றும் முடிவு காணப்படுகிறது. கருவி தானாக எந்தப் பெயரையும் சொல்வதில்லை. முன்னர்க் கண்டதைப் போன்றது இது என்று மட்டுமே சொல்கிறது.

இவ்வகை அறிவை நியாய மரபினர் உவமானம் என்று பெயரிட்டு, தாம் ஏற்ற நான்கு அளவைகளுள் மூன்றாவதாக வைத்தனர். அளவை, அல்லது பிரமாணம், என்பது மெய்யறிவு பிறப்பதற்கான வழி. ஆமா என்னும் காட்டு விலங்கைக் கண்டிராத ஒருவர், அது பசுவைப் போன்றிருக்கும் என்று காட்டில் வாழ்வோர் சொல்லக் கேட்டு, பின்னர்க் காட்டில் அவ்விலங்கைக் காணும்போது இதுவே ஆமா என்று அறிகிறார் என்பது அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. வைசேடிகரும் பௌத்த அளவை நூலாரும் இதைத் தனி அளவையாக ஏற்கவில்லை. ஒப்புமையைக் கண்டு பெயரைத் துணிவதும் அனுமானத்தின் ஒரு வகையே என்பது அவர்களில் பலருடைய கட்சி. ஆய்வகத்தின் நடைமுறையோ இரு சாராருக்கும் இடம் தருகிறது. முகடு எழும் நேரம் ஒத்திருப்பது ஒன்றே போதாது என்பதைப் பகுப்பாய்வாளர் நன்கு அறிவர், ஏனெனில் வேறுபட்ட இரு பொருள்கள் ஒரே நேரத்தில் குழாயை விட்டு வெளியேறக்கூடும். நிறுவ வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏதுவை அநைகாந்திகம் என்று மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுப்போலிகளுள் ஒன்றாக வகுத்துரைக்கிறது. அக்குறை நேராமல் காக்கவே அகச்சிவப்பு நிறமாலை, நிறைநிறமாலை என வேறு தன்மைகளும் ஒப்பிடப்படுகின்றன. பண்டைத் தருக்க நூலார் வாதமேடைக்காக வகுத்த எச்சரிக்கை ஆய்வகத்து வழிமுறைக் கையேட்டில் விதியாக நிற்பது, அந்நூலாரின் கூர்மைக்குக் கிடைத்த உறுதிப்பாடு என்றே கொள்ளத்தக்கது.

ஒப்புமையின் வலிமை முழுவதும் ஒப்பிடப்படும் மூலத்தின் வலிமையே என்பதால், கேள்வி இப்போது குப்பியின் மீதே திரும்புகிறது. அளவைகளை நம்புவோர்மீது இக்கேள்வியைத் தயவின்றித் திருப்பியவர் மாத்தியமிக பௌத்த ஆசிரியரான நாகார்ச்சுனர். பொருள்களை அளவைகள் நிறுவுகின்றன என்றால் அளவைகளை நிறுவுவது எது என்று விக்கிரக வியாவர்த்தனி என்னும் நூலில் அவர் வினவினார். வேறோர் அளவை என்றால், அதற்கு மற்றொன்று வேண்டும், அத்தொடருக்கு முடிவிராது. இது அனவத்தை, அதாவது வரம்பின்றி ஓடும் குற்றம். அளவை தன்னைத்தானே நிறுவிக்கொள்ளும் என்றால், பொருள்களுக்கு மட்டும் அளவை ஏன் வேண்டும் என்ற கேள்வி எழும். பொருளால் அளவையும் அளவையால் பொருளும் நிறுவப்படும் என்றால், ஒன்றையொன்று பற்றி நிற்கும் குற்றம் வந்து சேரும்; இன்னும் பிறவாத மகனால் தந்தை பிறந்தான் என்பதற்கு ஒப்பாகும் அது. நாகார்ச்சுனருக்கு விடை சொல்லாமல் எந்த ஆய்வகமும் தன் அறிக்கையில் கையொப்பமிட முடியாது. நுண்தராசை எடைக்கற்கள் சோதிக்கின்றன; எடைக்கற்களை அவற்றினும் துல்லியமான எடைக்கற்கள் சோதிக்கின்றன; எச்.பி.எல்.சி. கருவியை ஒப்பீட்டுப் பொருளும், ஒப்பீட்டுப் பொருளை அதேபோன்ற கருவிகளும் சோதிக்கின்றன.

கௌதமரின் நியாய சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தில் இவ்வாதத்துக்குத் தரும் விடை மிக எளியது. எளிமையாலேயே அதன் ஆழம் பலமுறை கவனிக்கப்படாமல் போயிற்று. துலாக்கோல் அளக்கும் கருவியாகவும் இருக்கலாம், அளக்கப்படும் பொருளாகவும் இருக்கலாம் என்பதே அவ்விடை. வாத்ஸ்யாயனரின் உரை இதனை விரிக்கிறது. பொன்னின் எடையைத் துலாக்கோலால் அறியும்போது துலாக்கோல் அளவை, பொன் அளக்கப்படும் பொருளாகிய பிரமேயம். எடை அறியப்பட்ட அதே பொன்னைக் கொண்டு மற்றொரு துலாக்கோல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்போது பொன் அளவையாகிறது, துலாக்கோல் பிரமேயமாகிறது. அளவை என்பது ஒரு பொருளோடு ஒட்டிப் பிறந்த தகுதியன்று. அறிதல் என்னும் செயலில் அது ஏற்கும் பங்கு. ஒரு சொல் ஒரு தொடரில் எழுவாயாகவும் வேறொரு தொடரில் செயப்படுபொருளாகவும் வருவதைப் போல, ஒரே பொருள் ஒரு நேரத்தில் அளவையாகவும் வேறொரு நேரத்தில் பிரமேயமாகவும் நிற்கலாம். நாகார்ச்சுனரின் வாதம் அளவைகள் ஒரு வரிசை, பொருள்கள் மற்றொரு வரிசை என்று பிரித்து நிறுத்தியதால்தான் வெல்லுகிறது. அப்பிரிவை மறுத்தால் அதன் வேகம் பெரிதும் தணிகிறது.

இந்த விடை வெறும் சொல்திறமா, உலகில் நிகழக்கூடியதா என்பதற்கு ஈஸ்ட்ரோஜனின் வரலாறே சான்றாக நிற்கிறது. 1923இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் எட்கர் ஆலன் என்னும் உடற்கூறியலாரும் எட்வர்டு டாய்சி என்னும் உயிர்வேதியியலாரும் ஒரு சோதனையை வகுத்தனர். சூலகம் நீக்கப்பட்ட எலிக்கு, ஹார்மோன் உள்ளதாகக் கருதப்படும் சாற்றை ஊசியால் செலுத்தி, அதன் யோனியிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தால், உட்கரு நீங்கித் தட்டையாகிக் கெட்டிப்பட்ட செல்கள் தென்பட வேண்டும். தென்பட்டால் சாற்றில் ஹார்மோன் இருக்கிறது. அந்த மாற்றத்தை விளைவிக்கப் போதுமான மிகக் குறைந்த அளவு ஓர் எலி அலகு எனப்பட்டது. ஹார்மோன் எதுவென்று எவரும் கண்டிராத காலத்தில் அதை அளக்கக் கிடைத்த ஒரே துலாக்கோல் எலியின் உடல்தான். அந்தத் துலாக்கோல் ஊருக்கு ஊர் மாறியது. எலியின் இனம், வயது, தீனி, சாற்றை எண்ணெயில் கரைத்ததா நீரில் கரைத்ததா, ஒரே ஊசியா பல ஊசிகளா என்பவற்றைப் பொறுத்து ஓர் ஆய்வகத்தின் எலி அலகு மற்றோர் ஆய்வகத்தின் எலி அலகோடு ஒவ்வாமல் போயிற்று. அறிவியலார் ஒருவர் எண்ணை மற்றவர் நம்ப இயலாத நிலை அது.

1929இல் டாய்சியும், ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனண்டும், ஒருவரையொருவர் சாராமல், கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோன் என்னும் ஈஸ்ட்ரோஜனைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். அதைக் கண்டுபிடிக்க வழிகாட்டியது எலிச் சோதனையே. பிரித்த சாற்றின் எந்தப் பகுதியில் வலிமை மிகுகிறது என்று ஒவ்வொரு படியிலும் சொன்னது எலியே. ஆனால் படிகம் கையில் வந்தவுடன் நிலை தலைகீழாயிற்று. 1932இல் உலக நாடுகள் சங்கத்தின் சுகாதார அமைப்பு இலண்டனில் கூட்டிய மாநாடு, ஈஸ்ட்ரோனின் ஒரு மாதிரியைப் பன்னாட்டு ஒப்பீட்டுப் பொருளாக அறிவித்து, அதன் 0.1 மைக்ரோகிராமில் அடங்கிய செயல்வலிமையே ஒரு பன்னாட்டு அலகு என்று வரையறுத்தது. அன்று முதல் ஓர் ஆய்வகத்தின் எலிகள் நுண்ணுணர்வு மிக்கவையா மந்தமானவையா என்பதை ஈஸ்ட்ரோன் சொல்லத் தொடங்கியது. எலியால் நிறுக்கப்பட்ட பொன் எலியையே நிறுத்தது. வாத்ஸ்யாயனர் உரையை ஆலனோ டாய்சியோ அறிந்திருக்க வேண்டிய தேவையில்லை. அளக்கப்படும் பொருளும் அளக்கும் கருவியும் இடம் மாறிக்கொள்வதன் மூலமே இரண்டும் திருந்தும் என்பதை அவர்கள் பணி செயலால் காட்டிற்று. இச்சுற்று குற்றமாகாததற்குக் காரணம், அது ஒரே எலிக்கும் ஒரே படிகத்துக்கும் இடையே மட்டும் சுழலவில்லை என்பதே. பல நாட்டு ஆய்வகங்கள், பல எலிக் கூட்டங்கள், படிகத்தின் உருகுநிலை, அதன் தனிமப் பகுப்பு என்று ஒன்றையொன்று சாராத பல சாட்சிகள் ஒரே இடத்தில் வந்து கூடின; ஒவ்வொரு திருத்தமும் முந்தையதைவிட நுண்ணியதாக அமைந்தது.

எனினும் எலித் துலாக்கோலுக்கு ஒரு வரம்பு உண்டு; அது எந்தக் கேள்விக்காக வகுக்கப்பட்டதோ அந்தக் கேள்விக்கு மட்டுமே விடை தரும். எத்தினைல் ஈஸ்ட்ரடையால் பிறந்த அதே 1938இல் இங்கிலாந்தில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் சேர்மத்தை அறிவித்தனர். சுருக்கமாக டி.இ.எஸ். எனப்படும் அது, இயற்கை ஈஸ்ட்ரோஜன்களுக்கு அடிப்படையான நான்கு வளைய ஸ்டீராய்டு அமைப்பே இல்லாதது. ஆயினும் எலியின் செல்கள் அதையும் ஈஸ்ட்ரோன் என்றே ஏற்றுக் கெட்டிப்பட்டன. செயலில் ஒத்திருப்பதும் வடிவில் ஒன்றாயிருப்பதும் வேறு வேறு என்பதை எலியால் பகுத்துக் காட்ட இயலாது. மூலக்கூறின் அமைப்பையே ஒப்பிடும் வேதியியல் ஒப்பீட்டுப் பொருள்கள் அந்த வேறுபாட்டைக் காட்டும். அவையும் காட்டாத ஒன்று இருந்தது. அது பின்னர்க் கூறப்படும்.

ஒப்பீட்டுப் பொருளோடு வரும் பகுப்பாய்வுச் சான்றிதழ் தத்துவம் பயில்வோர் ஒருமுறையேனும் வாசிக்க வேண்டிய ஆவணம். அதில் பொருளின் தூய்மை நூறு என்று இராது, எடுத்துக்காட்டாக 99.4 சதவீதம் என்றும், அதனருகில் கூட்டியோ குறைத்தோ 0.3 என்றும் இருக்கும். இரண்டாம் எண் அளவீட்டின் ஐயவரம்பு, அதாவது மெய்யான மதிப்பு இந்த எல்லைக்குள் இருக்கும் என்று இத்துணை உறுதியோடு நம்பலாம் என்னும் அறிவிப்பு. தூய்மையைக் கணிக்கும் வழிகளுள் ஒன்று கழித்தல்முறை. பொருளில் உள்ள நீர் எவ்வளவு, ஆக்கத்தின்போது தங்கிப்போன கரைப்பான் எவ்வளவு, எரித்தபின் எஞ்சும் கனிமச் சாம்பல் எவ்வளவு, உடன்பிறந்த வேற்று மூலக்கூறுகள் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கண்டு, நூறிலிருந்து நீக்கினால் எஞ்சுவதே பொருள். பிருகதாரணியக உபநிடதத்தின் ‘நேதி நேதி’ என்னும் மறுப்புமுறையை இது நினைவூட்டுவது இயல்பு. ஆனால் உபநிடதம் எல்லாவற்றையும் நீக்கியபின் எஞ்சுவது எண்ணுக்கும் சொல்லுக்கும் அப்பாற்பட்டது. ஆய்வகத்தில் எஞ்சுவதோ ஓர் எண். மேலும், நீக்க வேண்டியவை இவைதாம் என்ற பட்டியல் முழுமையானதா என்ற ஐயம் இம்முறையில் எப்போதும் தங்கியிருக்கும். தேடாத மாசு கழிபடாது. அதனாலேயே, மூலக்கூறிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களை நேராகவே எண்ணுவதற்கு ஒப்பான அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறை போன்ற வேறொரு வழியாலும் அதே எண் பெறப்படுகிறதா என்று பார்க்கின்றனர்.

சான்றிதழின் மேன்மை தன் பிழையின் எல்லையைத் தானே எழுதிக் காட்டுவதில் இருக்கிறது. மற்றொரு தத்துவ மரபினராகிய மீமாஞ்சகர், அறிவு இயல்பிலேயே மெய்யானது, அதைப் பொய்ப்பிக்கும் வேறோர் அறிவு எழும்வரை அதற்குப் புறச்சான்று வேண்டியதில்லை என்றனர். நியாய மரபினராகிய நையாயிகர், அறிவின் மெய்ம்மை புறத்திலிருந்தே, அதன்வழி நடந்து பயன்பெறுவதாலேயே, உறுதியாகும் என்றனர். குப்பியைத் திறக்கும் பகுப்பாய்வாளர், காலாவதி ஆகாதவரையில், அதன்மீது எழுதியுள்ள மதிப்பை மறுசோதனையின்றி ஏற்று வேலையைத் தொடங்குகிறார். அவர் நடைமுறையில் மீமாஞ்சகர். அதே குப்பியை வெளியிட்ட மருந்தியல் ஆணையம், இந்தியாவில் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையமோ பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய அமைப்போ, பல வழிகளில் சோதித்த பின்னரே அதை வெளியிடுகிறது. அது நடைமுறையில் நையாயிகர். இரு கொள்கைகளும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியவை என்று நூல்களில் தோன்றினாலும், அறிவு பலருக்கிடையே பகிர்ந்து நடக்கும் இடத்தில் இரண்டுக்கும் வேலை இருக்கிறது. ஐயப்பட ஓரிடம் இருப்பதாலேயே நம்ப மற்றோரிடம் கிடைக்கிறது.

தூய்மையைப் பற்றி ஒரு வரலாற்று உண்மையைக் கூறாமல் விடுவது முறையாகாது. 1950களில் கிரிகோரி பிங்கஸ் குழுவினர் கருத்தடை மாத்திரைக்காக நோர்எத்தினோட்ரெல் என்னும் புரொஜெஸ்டிரோன் வகைச் சேர்மத்தைச் சோதித்தபோது, அதில் மெஸ்ட்ரனால் மாசாகக் கலந்திருந்தது பின்னர்த் தெரியவந்தது. மெஸ்ட்ரனால் எத்தினைல் ஈஸ்ட்ரடையாலின் நெருங்கிய உறவு. கல்லீரலில் அது எத்தினைல் ஈஸ்ட்ரடையாலாகவே மாறிச் செயல்படுகிறது. மாசை நீக்கிய சரக்கைக் கொடுத்தபோது இடைக்கால இரத்தப்போக்கு மிகுந்தது. ஆகவே நீக்கியதை அளந்து மீண்டும் சேர்த்தனர். 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென அனுமதி பெற்ற எனோவிட் மாத்திரையில் 9.85 மில்லிகிராம் நோர்எத்தினோட்ரெலும் 0.15 மில்லிகிராம் மெஸ்ட்ரனாலும் இருந்தன. மாசு என்பது ஒரு பொருளின் இயல்பன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியைக் காண்பது அரிது. எதை நாடுகிறோம் என்பதைப் பொறுத்தே ஒன்று மாசாகிறது. அளவு அறியப்படாமல் கிடந்தபோது மாசாக இருந்தது, அளவு அறியப்பட்டபோது மருந்தாயிற்று. இடையில் நிகழ்ந்த வேதியியல் மாற்றம் எதுவுமில்லை.

மேலை மெய்யியலில் இதையொத்த சிக்கலை விட்கென்ஸ்டைன் எழுப்பினார். பாரிசில் காக்கப்பட்ட தரமீட்டர்க் கோல் ஒரு மீட்டர் நீளமுடையது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார் அவர். அளவின் மூலத்தையே அந்த அளவால் அளப்பது பொருளற்றது என்பது கருத்து. சோல் கிரிப்கி அதை மறுத்து, அக்கோல் வேறு நீளமுடையதாகவும் இருந்திருக்கலாம் என்றார். பிளாட்டினம்-இரிடியத்தால் ஆன மூலக் கிலோகிராமும் அதன் படிகளும் ஒரு நூற்றாண்டில் சுமார் 50 மைக்ரோகிராம் அளவுக்குத் தம்முள் வேறுபட்டதும், 2019 மே 20 முதல் கிலோகிராம் பிளாங்க் மாறிலியால் வரையறுக்கப்பட்டதும் கிரிப்கியின் பக்கம் சாய்கின்றன. எந்தப் பொருளும் பரிசோதனைக்கு அப்பாற்பட்ட பீடத்தில் அமரவில்லை.

செயற்கையாகப் பிறந்த பொருள் இயற்கையானதைவிடத் தாழ்ந்த சாட்சியா என்பது இன்னொரு கேள்வி. கருத்தடை மாத்திரையைச் சுற்றி எழுந்த சமய வாதங்களில், 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் உட்பட, இயற்கை என்னும் கருத்து மையமாக நின்றது. சாட்சியம் என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால், செயற்கைப் பொருளுக்கு இயற்கைப் பொருளுக்கில்லாத ஒரு தகுதி உண்டு. ஆற்றுநீரில் ஈஸ்ட்ரடையால் காணப்பட்டால் அது பசுவிடமிருந்து வந்ததா மனிதரிடமிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. எத்தினைல் ஈஸ்ட்ரடையால் காணப்பட்டாலோ ஐயத்துக்கே இடமில்லை. இயற்கை அதை ஆக்குவதில்லை, ஆக்கியவர் மனிதரே.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து வடமேற்கில், ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் 260ஆம் எண் ஏரியில், 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில் எத்தினைல் ஈஸ்ட்ரடையாலை லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் அளவில் இருக்குமாறு கலந்தனர். ஒரு 30 மைக்ரோகிராம் மாத்திரையில் உள்ளதை 6,000 லிட்டர் நீரில் கரைத்தால் கிடைக்கும் அளவு அது. ஃபேட்ஹெட் மின்னோ என்னும் சிறுமீனின் ஆண்களின் உடலில், முட்டைக்கருவுக்கு மூலமாகிய வைட்டலோஜெனின் என்னும் புரதம் பெருகியது. இனப்பெருக்கம் குலைந்து, அம்மீனினம் ஏரியில் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. கேரன் கிட் தலைமையிலான குழு இதனை 2007இல் வெளியிட்டது. கலப்பது நின்று சில ஆண்டுகளுக்குப் பின் மீன்கள் மீண்டன. லிட்டரில் 5 நானோகிராம் என்ற எண்ணை எழுதுவதற்கு, அதே பொருளின் அளவறிந்த மாதிரி ஒன்று இருந்தே ஆக வேண்டும். அந்த எண் இல்லையேல் மீன்கள் குறைந்த செய்தி மட்டுமே இருந்திருக்கும். எதனால், எவ்வளவால் என்பது இருந்திராது.

இங்கிருந்து டி.இ.எஸ். சேர்மத்துக்குத் திரும்ப வேண்டும். அமெரிக்காவில் 1954 முதல் கால்நடைகளைக் கொழுக்க வைக்கத் தீனியில் கலக்கப்பட்ட அச்சேர்மம் 1979இல் அங்குத் தடைசெய்யப்பட்டது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1981இல் அவ்வகைச் சேர்மங்களைத் தடைசெய்தது. தடையை நடைமுறைப்படுத்தும் ஆய்வகங்கள் இறைச்சியிலும் கால்நடைகளின் சிறுநீரிலும் அது இல்லை என்று உறுதி செய்ய வேண்டுமானால், அது தம்மிடம் தூய நிலையில் இருக்க வேண்டும். இல்லாமையை அறிவதற்கு மீமாஞ்சகருள் பாட்ட மரபினர் அனுபலப்தி என்றொரு தனி அளவையை வகுத்தனர். இருந்திருந்தால் கண்டிருப்போம், காணவில்லை, ஆகவே இல்லை என்பது அதன் அமைப்பு. இருந்திருந்தால் கண்டிருப்போம் என்னும் முதல் கூற்றுக்கு உரிமை தருவது ஒப்பீட்டுப் பொருள் ஒன்றே. தீங்கு செய்த பொருளை முற்றும் ஒழிப்பதே அறம் என்று கருதுவோர், அதன் ஒரு துளியைத் தூய்மையாகக் காப்பதும் அறத்தின் பகுதி என்பதை இங்கே ஏற்க வேண்டியிருக்கிறது.

அளவைக்குள் அடங்காத ஒன்று உண்டு என்று முன்னர்க் குறிக்கப்பட்டது. டி.இ.எஸ். கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் அமெரிக்காவில் கருவுற்ற பெண்களுக்கு நாள்தோறும் 5 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக 125 மில்லிகிராம் வரை கொடுக்கும் முறை 1940களில் பரவியது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறு மருத்துவமனையில் டீக்மன் குழுவினர் சுமார் 1,600 பெண்களிடம், பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்து ஆராய்ந்து, அதனால் கருச்சிதைவு குறையவில்லை என்று வெளியிட்டனர். மருந்து நிறுத்தப்படவில்லை. 1971 ஏப்ரலில் பாஸ்டனைச் சேர்ந்த ஹெர்பஸ்ட், உல்ஃபெல்டர், பொஸ்கன்சர் ஆகிய மூவர், 15 முதல் 22 வயதுக்குட்பட்ட எட்டு இளம்பெண்களிடம் மிக அரிதான யோனிப் புற்றுநோய் கண்டதையும், அவர்களுள் எழுவரின் தாயர் கருவுற்றிருந்தபோது டி.இ.எஸ். உட்கொண்டிருந்ததையும் எழுதினர். அவ்வாண்டு நவம்பரில் கருவுற்றோருக்கு அதனைத் தரலாகாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

அந்தத் தாயர் விழுங்கிய மாத்திரைகளில் இருந்தது இன்ன பொருள் என்பதிலோ, அது இவ்வளவு இருந்தது என்பதிலோ குறையில்லை. வாத்ஸ்யாயனர் கூறும் பயன்தரும் செயல் என்னும் சோதனையும் அங்கு எலியின் செல்களோடு நின்றுவிட்டது. தாயின் வயிற்றிலிருந்த குழந்தைக்கு இருபது ஆண்டுகள் கழித்து என்ன ஆகும் என்று கேட்க எவரும் ஒரு துலாக்கோலைச் செய்யவில்லை. அந்த அறியாமையையாவது காலத்தின் எல்லை என்று பொறுக்கலாம். 1953க்கும் 1971க்கும் இடைப்பட்ட 18 ஆண்டுகளை அவ்வாறு பொறுக்க முடியாது. பயனில்லை என்ற சான்று அச்சில் வந்துவிட்டது; அதைப் படிக்கும் தகுதியும் கடமையும் உடையோர் விற்றனர், எழுதிக்கொடுத்தனர், அனுமதித்தனர். அளவை பொய்க்கவில்லை, அளவை சொன்னதை ஏற்க மறுத்தவர்களே அந்தப் பெண்களுக்குப் பொறுப்பாளிகள்.